உன்னிடம் கேட்ட சாரி

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுதப் பார்த்தேன், கை ஓடவில்லை. போனில் பேசினால் எனக்கு நல்ல வார்த்தை வராது, நீயும் பட்டென்று வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம். முழுக்கப் படி. உன் தங்கையின் வலது கையில் மாவுக்கட்டு. முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் ஒடிந்துபோய்விட்டன. மாப்பிள்ளை கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கியிருக்கிறான், மளுக்கென்று சத்தம் கேட்ட பிறகும் விடவில்லையாம். இது முதல் தடவையும் இல்லை. காதில் அறைந்து சீழ் வைத்திருக்கிறது, பெல்ட்டின் கொக்கி முதுகில் பதிந்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் மறுநாள் காலையில் ஒரு சாரி. நம்மிடம் மூச்சு விடவில்லை பார், அழுத்தக்காரி. கட்டுப் போடும்போதுதான் அம்மா அந்த முதுகைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

தங்கை, துணிக்கடைக்கும் ஓட்டலுக்கும் வேலைக்குப் போகிற பெண்களுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லிக் கொடுக்கிறாள் அல்லவா, முதல் பாடமே சாரிதானாம். காதில் விழவில்லையென்றால் சாரி, காலை மிதித்தால் சாரி, சாவு வீட்டில் நின்றாலும் சாரி, ஒருவன் கேவலமான நிலையில் கிடந்தால் அதற்கும் சாரி ஸ்டேட் என்று அதே சாரி. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இடது கையால் போனைத் தட்டி அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருந்தாள். கை தொங்குது, இப்போ பாடம் ஒண்ணுதான் கேடா என்று அம்மா கத்தினாள். அதற்கு அவள், இல்லம்மா, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இது புண்ணுங்கற வார்த்தையிலேர்ந்து வந்திருக்கு, சொல்றவனுக்கு உள்ளே வலிக்குதுன்னு அர்த்தம், துக்கத்துக்குச் சொல்ற சாரோங்கற வார்த்தைக்கு வேற வேராம், ரெண்டும் ஒண்ணுன்னு பிள்ளைங்களுக்குத் தப்பா சொல்லிக் கொடுத்துட்டேன் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, அவருக்கு ஒரு நாளும் வலிச்ச மாதிரி தெரியலப்பா என்றாள்.

மறுநாள் காலையில் அவன் நம் பஞ்சர் கடைக்கே வந்தான். நான் லாரி டயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இஸ்திரி கலையாத சட்டை, கையில் பழப்பை. சாரி மாமா என்றான், சாரி அத்தை என்றான், அவளைக் கூப்பிடுங்க என்றான். வரமாட்டேன் என்று கடைக்குப் பின்னால் வீட்டுக்குள்ளேயிருந்து ஒரே வார்த்தைதான் சொன்னாள். அவ்வளவுதான், சாரி போன இடம் தெரியவில்லை. தரையில் கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்து காற்றுப் பம்பின் மீட்டரை நொறுக்கினான், தடுக்கப் போன என் தோளில் ஒன்று போட்டான், உள்ளே புகுந்து அவள் தலைமுடியைப் பிடித்து மாவுக்கட்டு தரையில் தேய வாசல்வரை இழுத்து வந்தான். பல்லி விழுந்தாலே அலறுகிற உன் அம்மா டயர் நெம்புகிற கம்பியை எடுத்து அவன் முழங்காலில் விட்டாள். விழுந்தவனை மறுபடியும் அடித்தாள், வாயில் ரத்தம் வந்த பிறகும் அடித்தாள். நான்தான் பிடித்து இழுத்தேன். இழுக்காமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது, பெற்றவன் எழுதக் கூடாதுதான். பக்கத்து ஆட்டோக்காரர் வாளியில் தண்ணீர் ஊற்றி வாசலைக் கழுவிவிட்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் அவன் பச்சைப் பிள்ளை. படியில வழுக்கி விழுந்துட்டா சார், நான் அவளைத் தாங்குனேன் சார் என்கிறான். அம்மா மேல் புகாரும் கொடுத்துவிட்டான். கை ஒடிந்தபோது அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான், அதனால் முறுக்கியதற்குச் சாட்சி இல்லையாம், ஆளுக்கொரு சாரி சொல்லிட்டுச் சமாதானமாப் போங்க என்கிறார் எழுத்தர். போனால் அடுத்த தடவை அவளைப் பிணமாகத்தான் தூக்கி வருவோம்.

கை ஒடிந்த அன்றைக்குப் போனில், நான் முழுக்கச் சொல்லும் முன்பே நீ என்னிடம் சொன்னதை நினைத்துப் பார். அவர் உடனே எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிட்டார்ப்பா, கோவத்துல கையை முறுக்கிட்டேன் மச்சான், சாரின்னு அழுதார், நானும் பரவாயில்லைன்னுட்டேன், அவளை அனுப்பி வைங்க என்றாய். ஏண்டா, முறுக்கியது அவள் கையை, சாரி கேட்டது உன்னிடமா. அவள் எலும்புக்குப் பரவாயில்லை சொல்ல நீ யார். அவன் உன் சிநேகிதன், நீ பார்த்துக் கொண்டுவந்த சம்பந்தம், உனக்குக் கூச்சமாக இருக்கும். உன் கூச்சத்துக்காக அவள் சாக வேண்டாம். ஊர் உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி உன் போனில் இருக்கிறது. அழிக்கச் சொல்லி இந்நேரம் கெஞ்சியிருப்பான், அழித்துவிடாதே. அண்ணன்கிட்ட நான் கேக்கமாட்டேன்பா, அவனுக்கா தோணட்டும் என்கிறாள் உன் தங்கை. தோன்றும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை, அதனால் அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. மருமகளிடம் குரலை உயர்த்தாதே. பிள்ளைக்கு அம்மாவின் முத்தம். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் கும்பிடுகிறேன். கடிதம் கிடைத்ததும் எனக்குப் போன் செய்து சமாதானம் சொல்லாதே. அந்த வாய்ஸை ஸ்டேஷனுக்கு அனுப்பு. அனுப்பினால் நீ அவளுக்கு அண்ணன். இல்லையென்றால் அவனுக்கு மச்சானாகவே இருந்துகொள்.

இப்படிக்கு,
இன்னும் உன்னை நம்பிக்கொண்டிருக்கும்
அப்பா