அழ மறந்த பொம்மை

குழந்தை வளர்ப்பு நிபுணருக்கு,

நம் மகளின் அழுகை தாங்காமல் வீட்டை விட்டு ஓடிய நீங்கள், சமுதாயக் கல்லூரியில் குழந்தைப் பராமரிப்பு படிக்கிறீர்களாம். "படிச்சு முடிச்சதும் உன்கிட்டயே வந்துடுவான்" என்கிறார் உங்கள் அக்கா. நல்ல கூத்து!

நானும் அங்கேதான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். நேற்று, குழந்தையைத் தேற்றிப் பழக உங்கள் வகுப்பில் தரும் அழும் பொம்மை பழுதுபார்க்க என் மேசைக்கு வந்தது. "உங்க வீட்டுக்காரர் கைராசிக்காரர்மா. ஒரு ராத்திரி அவங்க அக்கா வீட்டுக்கு எடுத்துட்டுப் போனார், அதுலேர்ந்து அழவே மாட்டேங்குது!" என்றார் உங்கள் டீச்சர்.

பொம்மையின் முதுகு மூடியைத் திறந்தேன். ஸ்பீக்கர் ஒயரை வெட்டியிருக்கிறீர்கள். கைராசியாம், கைராசி!

ஒயரை ஒட்டிவிட்டேன். டீச்சரிடம் மூச்சுவிடவில்லை. பொம்மை மறுபடி உங்களிடம்தான் வரும், விடிய விடிய அழும். தூக்கிச் சுமந்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். நம் மகளுக்கு முதுகில் மூடி கிடையாது.

இப்படிக்கு,
அழுகிறவளின் அம்மா