ஒரே பெயர், ஒரே வீடு

1997 அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஆர்.ஏ.புரம் நர்ஸிங் ஹோமில் என் கம்ப்யூட்டர் ப்ரோகிராம் ஓடத் தொடங்கி நான்காம் நாள். கொழுந்தன் ரகு வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் தொடங்கிய கம்பெனிக்கு முதல் வாடிக்கை.

ப்ரோகிராம் என்று சொல்லவே கூச்சம். ஒரு வரிகூட நான் எழுதவில்லை; வரிகளைத் தானே எழுதிக்கொள்ளும் ஒரு சாஃப்ட்வேர். திரையில் பெட்டிகளை இழுத்து வைத்தேன். அது கேட்ட கேள்விகளுக்கு டிக் போட்டேன். பெயர், வயது, கதவு எண், ஆகாத மருந்து. உச்சியில் பிள்ளையார் சுழி. மூன்று வாரம். ஆள் வைத்து எழுதினால் ஆறு மாதம் என்கிறான் ரகு.

மதியம் வரவேற்பறை ஸ்டெல்லாவின் ஃபோன். ஊரூர் குப்பத்துப் பெண். முதல் வேலை. நோயாளிகளின் பழைய அட்டைகளைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள்.

"அக்கா, ஒரு அட்டைய ஏத்துக்கவே மாட்டேங்குது. இந்த ஆளு ஏற்கெனவே கீறாருன்னு சொல்லுது. இன்னா பண்றது?"

"முன்னாடியே ஏறியிருக்கும்மா. அதையே தொறந்து, கைல இருக்கற அட்டைப்படி மாத்திடு."

அக்டோபர் 10, வெள்ளி

வாங்க: துவரம் பருப்பு, கற்பூரம், ஊதுவத்தி, இங்க்.

அட்டைகள் எல்லாம் ஏற்றியாயிற்று. பழைய பெட்டிகளைப் பரணில் போட்டுவிட்டார்களாம். டாக்டருக்குத் திருப்தி, ரகுவுக்கு அதைவிட.

"மன்னி, அடையார்ல ரெண்டு நர்ஸிங் ஹோம் காத்துண்டிருக்கா. டாக்டர் ஒரு வார்த்தை சொன்னா போறும்."

அம்பாளுக்கு மல்லிகை இரண்டு முழம்.

அக்டோபர் 13, திங்கள், பிரதோஷம்

கோயிலுக்குப் போகவில்லை.

ரகு நனைந்துகொண்டே வந்தான். வெங்கட்ராமன் என்று ஒரு பெரியவர், 74 வயது. சல்ஃபா மாத்திரை ஆகாது அவருக்கு. திரையில் அந்தப் பெட்டி காலி. டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். உதடு வீங்கி, மூச்சு முட்டி, இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனில். அவர் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் பிள்ளை கத்தினாராம்: "எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இனிமே ஒண்ணும் சொல்ல வேண்டாம்னேளே!"

ஸ்டெல்லாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"அவதான் அழிச்சிருக்கா, மன்னி. அவளே ஒத்துண்டுட்டா."

சஹஸ்ரநாமம் பாதியில் நின்றது.

அக்டோபர் 14, செவ்வாய்

ஃப்ளாப்பியில் வந்த நகலைப் பார்த்தேன். ஆர். வெங்கட்ராமன். வயது 19. பேரன். டாக்டர் பெயரை மட்டும் பார்த்திருக்கிறார், வயதை அல்ல.

தாத்தா பெயர். தாத்தாவின் அப்பா ராமநாதன், பேரனின் அப்பாவும் ராமநாதன். ஆகவே இனிஷியலும் ஒன்று. கதவு எண்ணும் ஒன்று. பேரன் அட்டையைப் போட்டபோது ஏற்க மறுத்திருக்கிறது. தாத்தாவின் பக்கத்தைத் திறந்து பேரனாக மாற்றியிருக்கிறாள். மாற்றச் சொன்னது நான். 6ஆம் தேதிக் குறிப்பை மூன்று முறை படித்தேன்.

எது திரும்ப வரக் கூடாது என்று அந்தச் சாஃப்ட்வேர் கேட்டது. பெயர், கதவு எண் இரண்டுக்கும் சேர்த்து டிக் போட்டேன். ஒரே வீட்டில் ஒரே பெயரில் இருவர் ஏது என்று. என் பிள்ளைக்கு வைத்திருப்பதே மாமனார் பெயர். இனிஷியல் உட்பட. இருவரின் கடிதங்களையும் தினம் பிரித்துக் கொடுக்கிறவள் நான்.



அக்டோபர் 15, புதன்

பெரியவர் கண் திறந்தார். பேச்சு இல்லை.

"யாரும் நம்மளக் கேக்கலையே, மன்னி."

"அந்தப் பொண்ணு நான் சொன்னதைத்தானே செஞ்சா?"

"நான் வேலைய விட்டுட்டு வந்திருக்கேன். அடையார் ரெண்டும் போயிடும்."

"போகட்டும்."

"உங்களுக்கென்ன, சொல்லிட்டு சமையல் ரூமுக்குப் போயிடுவேள்."

வலித்தது. அதில் பொய்யும் இல்லை.

நர்ஸிங் ஹோமுக்குத் தனியாகப் போனேன். டாக்டர் முன் இந்த நோட்டைப் பிரித்து வைத்தேன். படித்தார்.

"இதைச் செஞ்சது ரகு இல்லையா?"

"நான்."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"பத்தாவது. மத்தது புஸ்தகம் பாத்துக் கத்துண்டது."

நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "ஸ்டெல்லாவ வரச் சொல்றேன். உங்க ப்ரோகிராம் இங்க வேண்டாம்மா."

அக்டோபர் 16, வியாழன்

கன மழை. காலை எட்டுக்கே நர்ஸிங் ஹோம், இதேபோல் வேறு யாராவது அழிந்திருக்கிறார்களா என்று பார்க்க. ஸ்டெல்லா பரணில் ஏறி அட்டைப் பெட்டிகளை இறக்கினாள். மன்னிப்புக் கேட்டேன்.

"அத்த வுடுக்கா. எங்கம்மா ரெண்டு நாளா சோறு துண்ல. மொதல்ல அட்டைய எடு."

அட்டையையும் திரையையும் ஒப்பிட்டோம். அட்டையில் இருவர், திரையில் ஒருவர்: இன்னும் ஆறு வீடு. டாக்டர் ஃபோனை ஸ்டெல்லா பக்கம் நகர்த்தினார். "ஒவ்வொருத்தருக்கா ஃபோன் போடுங்க" என்றார்.

ஐந்து வீட்டில் கிடைத்தார்கள்.

ஆறாவது மந்தைவெளி. தாத்தா அட்டையில் சிவப்பு மையில் 'பெனிசிலின் ஆகாது'. செவ்வாயன்று காய்ச்சலுக்கு வந்து மாத்திரை வாங்கிப் போயிருக்கிறார். என்ன மாத்திரை என்று டாக்டரே பார்த்தார். பெனிசிலின் வகைதான்.

ஸ்டெல்லா ரிசீவரைக் காதில் வைத்திருக்கிறாள். மணி அடிக்கிறதாம். எடுக்கவில்லை. மறுபடி போடுகிறாள். எடுக்கவில்லை.

அந்த வீட்டுக்கு நடந்தே பத்து நிமிடம். போகிறேன்.