நூற்றிருபத்தேழாம் எண் வண்டி

மார்ச் 4

போக்குவரத்துக் கழகத்தின் பதவி உயர்வுத் தேர்வுக்கு நான் எழுதிய விடைக்குறிப்பின் மீது ஒரு முறையீடு. இருபத்திரண்டு ஆண்டுகளில் இதுவே முதல். அனுப்பியவர் ஒரு பெண் நடத்துநர். ஒரே ஒரு மதிப்பெண்ணில் பரிசோதகர் பதவியைத் தவறவிட்டவர்.

வினா: பின்வருவனவற்றுள் பகா எண் எது? என் விடை 1234567. அவர் குறித்தது ‘எதுவுமில்லை’.

வினாத்தாள் அறையில் கணிப்பானுக்கு அனுமதியில்லை. ஆகவே இந்த எண்ணை, அதன் வர்க்கமூலமான 1111 வரையுள்ள பகா எண்கள் அனைத்தாலும் கையாலேயே வகுத்தவன் நான். ஒன்றாலும் வகுபடவில்லை. முறையீட்டின் மேல் ‘தள்ளுபடி’ என்று எழுதினேன். நாளை மறுநாள் நேரில் கேட்க வேண்டும், அது விதி.

மார்ச் 5

“இன்னொரு தடவ போட்டுப் பாத்துடுங்களேன்” என்றாள் மனைவி. தேவையில்லை என்றேன்.

“அதானே. சூரியன் மேற்கே உதிச்சாலும் உங்க கணக்கு பிசகாது.”

மார்ச் 6

நடத்துநர் சீருடையிலேயே வந்தார். அடுத்த நடைக்கு நேரமாகிறது என்று நாற்காலியின் நுனியில் அமர்ந்தார். எந்த எண்ணால் வகுபடும் என்று கேட்டேன்.

“நூத்திருபத்தேழு சார். பதினோரு வருஷமா அந்த நம்பர் வண்டிதான். டிக்கெட் நம்பர், கடைப் பலகையில போன் நம்பர், எதைப் பாத்தாலும் நூத்திருபத்தேழால வகுத்துப் பாக்குறது ஒரு கிறுக்கு. இது மிச்சமில்லாம போகுது சார். ஒன்பதாயிரத்து எழுநூத்தி இருபத்தொண்ணு.”

அவர் எதிரிலேயே பெருக்கினேன்.

1234567.

மாலை

வரைவேட்டை எடுத்து எண்ணினேன். 186 வகுத்தல்கள் இருக்க வேண்டும், 185 இருந்தன. 113, அடுத்த வரியில் 131. 113க்குப் பின் பகா எண்ணே இல்லாத நீண்ட வெளி உண்டு என்பது எனக்கு மனப்பாடம். அந்த மிதப்பில் ஒரே தாவாகத் தாவி, வெளியின் கரையில் நின்ற 127ஐயும் தாண்டியிருக்கிறேன். தெரியாதவன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்திருப்பான். எனக்கு என்ன அவசரம் — யார் துரத்தினார்கள்?

மார்ச் 7

அச்சுப் பிழை என்று போட்டுவிடலாம் என்றார் கழகத்தின் மேலாளர். “உங்க பேரும் கெடாது சார், எங்களுக்கும் வேலை மிச்சம்.”

அச்சகம் எந்தப் பிழையும் செய்யவில்லை. ‘தள்ளுபடி’யை அடித்து, ‘விடைக்குறிப்பில் பிழை, பிழை என்னுடையது, அனைவரது தாளும் மறுமதிப்பீடு செய்யப்பட வேண்டும்’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். கையொப்பம் எப்போதும் போலவே நேராக விழுந்தது.

மார்ச் 8

காலையில் மனைவியிடம் சொன்னேன். அவள் எழுந்து சன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள்.

“கிழக்கேதான் இருக்கு” என்றாள்.

ஜூன் 2

அலுவலகத்திற்கு 127இல் சென்றேன். நடத்துநர் புதியவர். பாலத்தருகே பரிசோதகர் ஏறினார். அவரேதான். வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து என் சீட்டையும் வாங்கினார். எண் 440183. அவர் உதடுகள் அசைந்தன.

“ஒண்ணு மிச்சம் சார்” என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார்.

நானும் வகுத்துப் பார்த்தேன். ஒன்றுதான்.