கோட்டோர நாற்காலி

பரணிலிருந்து பாயை இழுத்தேன். கூடவே உங்கள் நீளமான ஷட்டில் டப்பா உருண்டு வந்து காலடியில் விழுந்தது. மூடியைத் திறந்ததும் அந்த வாசம். காய்ந்த இறகும் பூச்சி உருண்டையும் கலந்த வாசம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வேலூரிலிருந்து உங்கள் தங்கை காலையில்தான் வந்தாள். மகள் பிரசவத்தை விட்டுக் காரியத்துக்கு வர முடியவில்லையே என்று அவளுக்கு மனசே ஆறவில்லை. உட்கார்ந்ததும் கேட்டாள்: "அண்ணி, அண்ணன் கடைசியா என்ன சொன்னாரு? நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

பாய் எடுத்து வருகிறேன் என்று உள்ளே வந்துவிட்டேன். மற்றவர்கள் கேட்டபோதெல்லாம் தலையை ஆட்டி வைத்தேன். ஆனால் நான் பக்கத்தில் இல்லை. ஆஸ்பத்திரி கேன்டீனில் பிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டப்பாவுக்குள் ஒரே ஒரு ஷட்டில், இரண்டு இறகு ஒடிந்தது. உள்ளங்கையில் வைத்தால் கனமே இல்லை. நம் ஐதராபாத்திலேயே ஆசியப் போட்டி நடந்ததே, அப்போது நீங்கள் கொண்டுவந்தது. எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். கம்பெனி கிளப்பில் ஆடுகிறவர் என்று உங்களையும் ஷட்டில் உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சொல்ல, கோட்டோர நாற்காலியில் உட்காரக் கூப்பிட்டார்கள். வெள்ளை பேண்ட்டுக்கு இரண்டு தரம் இஸ்திரி போட்டேன்.

காற்று வந்தால் ஷட்டில் திசை மாறிவிடும் என்று ஜன்னலை அடைத்து, விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். பார்க்க வந்த எங்களுக்கு வெந்நீர் அண்டாவுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எனக்கு ஆட்டம் புரியவில்லை. வெள்ளையாய் அது மேலே போகும், அங்கேயே நிற்கும், இறங்க மனசில்லாமல் இறங்கும். பார்க்கப் பார்க்கத் தூக்கத்தில் நானே பறக்கிற மாதிரி இருந்தது. தூரத்தில் நீங்கள் முழங்காலில் கை வைத்து, கோட்டையே பார்த்தபடி, யாரோ போல் இருந்தீர்கள்.

இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் நம் நாட்டுப் பையன் ஜெயித்துவிடுவான். அவன் அடித்தது உங்கள் கோட்டருகில் விழுந்தது. அத்தனை பேரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

"ஐயோ, அவருக்குத் தலை சுத்துது! யாராவது தண்ணி குடுங்க!" என்று எழுந்து கத்திவிட்டேன்.

பக்கத்து வீட்டு லட்சுமம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "கூர்ச்சோ அக்கா, உட்காரு! கண்ணுக்குத் தெரியலன்னா அப்படித்தான் காட்டணும். எங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்கார்."

பெரிய நடுவருக்கும் தெரியவில்லை. அதை மறுபடி ஆடச் சொன்னார். அதற்கப்புறம் நம் பையனுக்கு எதுவும் சரியாக விழவில்லை. தோற்றான்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டார்களாம். "க்யா மியா, ஆங்கே கைக்கு பந்த் கர்லியே?" என்று கண்ணை மூடினதற்குக் காரணம் கேட்டாராம் டிரைவர். "இன்ஸ்பெக்ஷன்லயும் இப்படித்தான் கண்ண மூடிக்கிட்டு முத்திரை குத்துறியாய்யா?" என்று நம் ஊர்க்காரர்கள்.

வீட்டில் நானும் விடவில்லை. "உள்ளேன்னு கை காட்டியிருந்தா யார் கேக்கப்போறா? நம்ம பிள்ளைதானே?"

சோற்றைப் பிசைந்தபடியே சொன்னீர்கள்: "அந்த எதிராளி கால் மறைச்சிடுச்சு. பாக்காததப் பாத்தேன்னு எப்படிச் சொல்றது, சரசு?" கொஞ்சம் பொறுத்து, "நீ அந்தக் கத்து கத்தினதுக்காவது நான் மயங்கி விழுந்திருக்கலாம்" என்று சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கூடத்திலிருந்து உங்கள் தங்கை கூப்பிட்டாள். என்னிடம் ஒரு பொய் தயாராக இருந்தது. உங்கள் கை என் கைக்குள் இருந்தது, தங்கையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினீர்கள் என்று. அழகான பொய். அவள் மனசு ஆறியிருக்கும். சொல்லிச் சொல்லி என் மனசும் ஆறியிருக்கும்.

போய்ப் பாயை விரித்தேன். இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அழாதீங்க அண்ணி."

"அழலைம்மா. நான் பாக்கல. வெந்நீர் பிடிக்கப் போயிருந்தேன். வந்து பாத்தா முடிஞ்சுபோச்சு."

என் முழங்காலில் அவள் கை வந்து படிந்தது. நான் கண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை. உள்ளங்கைக்குள் இருட்டு, இறகு வாசம். அந்த இருட்டில் வெள்ளையாய் ஒன்று மேலே போய் நின்றது. இன்னும் இறங்கவில்லை.