இளைப்பு மாத்திரை சாப்பிட்ட பத்து நாள்

12.11.84, திங்கள்
மனச்சோர்வுக்கு இமிப்ரமின் மாத்திரை தொடங்கி ஆறு வாரம். இன்று நானே கொட்டகைக்குப் போய்க் கோழிகளுக்குத் தீவனம் போட்டேன். புரட்டாசியில் எழுந்திருக்கவே மனமில்லாமல் கிடந்தபோது, கூடப்பிறந்த அப்புசாமி அண்ணன்தான் தன் வேலையோடு என் கோழிகளையும் பார்த்துக்கொண்டார்.

14.11.84
தீவனத் தூசியில் இளைப்பு வந்துவிட்டது. புதுச்சத்திரம் மருந்துக்கடையில் எபிட்ரின் மாத்திரை கொடுத்தார்கள். வேளைக்கு ஒன்று. மூச்சு லேசானது.

18.11.84
கொட்டகைக்குச் சுண்ணாம்பு, கூண்டுக்குப் புதுக் கம்பி, தண்ணீர்த் தொட்டி – கை நிற்கவில்லை. தூக்கமும் வரவில்லை. "ஏனுங்க, வாய் மூடாமப் பேசறீங்க" என்கிறாள் வீட்டுக்காரி தெய்வநாயகி. நன்றாகத்தானே இருக்கிறேன்?

21.11.84
பதினேழு கோழி செத்துக் கிடந்தது. பார்க்க வந்த அண்ணனை ஆட்கள் முன்னால் – "பாகம் பிரிக்கறப்ப ரோட்டோரக் காட்டை நீ எடுத்துக்கிட்டு மேட்டாங்காட்டை எனக்குத் தள்ளுனே. இப்பக் கோழிக்கு வெஷம் வெச்சியா?" மண்வெட்டியையும் ஓங்கிவிட்டேன். அண்ணனை 'நீ' என்றது இதுதான் முதல்முறை. அவர் வந்த வழியே போய்விட்டார். கத்தினது நானா?

23.11.84
சேலம். இமிப்ரமின் எழுதிக்கொடுத்த டாக்டர் முன்னால் இரண்டு மாத்திரைகளையும் தெய்வநாயகி எடுத்து வைத்தாள். இளைப்பு மாத்திரையைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நரம்புக்கு நரம்பு சேதி கொண்டுபோக மூளையில் ஒரு ரசாயனம் இருக்கிறதாம். அது வடிந்துவிடாமல் இமிப்ரமின் தேக்கிவைக்கிறது. எபிட்ரின் அதையே இன்னும் சுரக்கவைக்கிறது. மடையை அடைத்துவிட்டு மோட்டாரையும் போட்டால் வரப்பு தாங்குமா? "எபிட்ரினை இன்னைக்கே நிறுத்துங்க. இமிப்ரமினை நீங்களா நிறுத்திராதீங்க" என்றார். இளைப்புக்கு வேறு மருந்து.

24.11.84
கோழிகளுக்கு வந்தது வெள்ளைக் கழிச்சல் நோய் – கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார்.

28.11.84
தூங்கினேன்.

2.12.84, ஞாயிறு
அண்ணன் வீட்டுக்குப் போனேன். மாத்திரை விஷயத்தை ஆரம்பித்ததுமே, "தெய்வநாயகி வந்து சொல்லுச்சு, சாமி. மருந்து பேசுனதுக்கு நீ என்ன பண்ணுவே" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தேன். "வெஷம்னது மருந்துங்கண்ணா. ரோட்டோரக் காடுன்னது நாந்தான். அப்பன் செத்து ஒம்பது வருசமா உள்ளயே கெடந்துச்சு."

அண்ணன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"செரி. இப்ப மெதுவாச் சொல்லு."

பொழுது இறங்கும்வரை சொன்னேன்.