அந்த நாற்றம்

பாப்பாவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஐந்து மாதமாக நான் குடிக்கவில்லை. உனக்கு நம்பிக்கை வராது. குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு ஞாயிறுதோறும் வாலாஜாபேட்டை போகிறேன். ஆம்பூரிலும் நடக்கிறது, தெரிந்தவர்கள் பார்ப்பார்களே என்றுதான் அவ்வளவு தூரம். போய் உட்கார்ந்தால் எதிரே, என்னோடு தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் ஆள்! அவன் பெயரை எழுதக் கூடாது, வருகிறவர் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது அங்கே சட்டம். "நீயுமா இவ்ளோ தூரம் வந்த?" என்று சிரித்தான்.

போன வாரம் அவன் எழுந்து பேசினான். "குடிச்ச அன்னிக்கி மட்டும் குளிக்காம வூட்டுக்குப் போவேன். தோல் நாத்தத்துல சரக்கு நாத்தம் தெரியாதுன்னு நெனப்பு." எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நானும் அதைத்தானே செய்தேன்.

நீ பத்தாவது படிக்கும்போது, நான் சாப்பிட உட்கார்ந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாய். அப்பன் வேலையைக் கண்டு கூசுகிறாய் என்று நினைத்தேன். "இந்த நாத்தந்தான்டி உனக்குச் சோறு போடுது" என்று அடித்தேன். "அந்த நாத்தம் இல்லப்பா" என்று அழுதாய். அதற்கும் ஓர் அடி கொடுத்தேன்.

இதைக் கூட்டத்தில் நான் இன்னும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும்.

நீ வீட்டுப் பக்கம் வராமல் நான்கு வருஷம் ஆகிறது. இப்போது என்மேல் தோல் நாற்றம் மட்டும்தான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்.

உன் அப்பா