அத்திக்குத் தொட்டி போதவில்லை

அன்புள்ள அக்கா,

நீ கொடுத்த அத்திச்செடி என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. தூசி வரக் கூடாதென்று என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு ஆணி அடித்துவிட்டார். செடி கண்ணாடியில் இலையை அப்பிக்கொண்டு நிற்கிறது. இலை கொட்டக் கொட்டத் தண்ணீர் ஊற்றி, "உனக்கு என்ன குறை வெச்சேன்?" என்று செடியைத்தான் கேட்கிறார்.

வேர் தொட்டியின் அடி ஓட்டை வழியாக வெளியே வந்துவிட்டது. பெரிய தொட்டிக்கு மாற்றாவிட்டால் பிழைக்காது. நீ வண்டியோடு வா. ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து வாசலைத் தாண்டிவிடலாம். செடிக்குத்தானே என்று அவரும் சம்மதித்துவிட்டார். இந்தக் கடிதத்தையும் அவரே படித்துப் பார்த்துத் தபாலில் போடுவார். வெளியே போகும் சிரமமே எனக்கு வைப்பதில்லை.

நீ ஓட்டுவாய். செடி சாயாமல் பிடித்துக்கொள்ள வண்டிக்குள் இன்னொரு ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும், அக்கா.

வழி பார்த்திருக்கும்
உன் தங்கை